மாப்பிள்ளை எழுந்து நிற்கிறார்

நான் உள்ளே போனால் அவர் எழுந்து நிற்பார். அதனால்தான் போகாமல் இப்படிக் கதவு நிலைக்கு வெளியே நிற்கிறேன், கையில் அவர் இடுப்பில் கட்ட வெளுத்த சாரத்தோடு, காலுக்கடியில் வாளித் தண்ணீரோடு. தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தடவை சுட வைக்க வேண்டும். அவர் எழுந்து நிற்கக் கூடாது. போன தடவை எழுந்தபோது முழங்கால் மடங்கிக் கட்டில் சட்டத்தில் இடுப்பை இடித்துக்கொண்டு விழுந்தார். விழுந்து கிடந்தபடியே, "ஒண்ணுமில்லை மாமி, ஒண்ணுமில்லை, நீங்க பதறாதிய" என்று எனக்கு மரியாதை சொன்னார். மாமி. வலி உயிர் போகிறது, கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அப்போதும் சாரத்தைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மாமிக்கு மரியாதை. கட்டிய பொண்டாட்டியை மாமியாராக்கி மாமி என்கிறார் மனிதர். மஹ்மூது நெய்னா. வாயால் நான் அவர் பேரைச் சொன்னதில்லை, மனசுக்குள் சொன்னால் யாருக்கும் கேட்காது. மஹ்மூது நெய்னா, கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தவர், என் மாப்பிள்ளை, எனக்குப் பிள்ளை கொடுத்தவர், இப்போது கட்டில் ஓரத்தில் நனைந்த சாரத்தோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஜக்கரியா கட்டிவிட்டுப் போன டயாப்பரைப் பிய்த்துக் கீழே போட்டிருக்கிறார். நாற்றம் வாசல் வரைக்கும் வருகிறது. வரட்டும், என் மாப்பிள்ளையுடைய நாற்றம் எனக்கு என்ன. ஆனால் இடுப்புக்குக் கீழே அந்தப் புண் இருக்கிறதே. ஈரம் மட்டும் பட்டுவிடக் கூடாதும்மா, பட்டால் உள்ளே இறங்கிவிடும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஈரத்தைத் துடைக்க வேண்டியவள் அறைக்குள்ளேயே நுழைய முடியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.

ஜக்கரியா இருந்தால் இந்தப் பாடு இல்லை. அவன் எங்கள் மகன், ஒரே பிள்ளை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருக்க வேண்டும். அதனால் அவன் அவன் பொண்டாட்டி வீட்டில் இருக்கிறான், பின்தெருவில்தான். தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேராக இங்கே வந்து வாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கடை திறக்கப் போவான். அவனை மகன் என்று அவருக்குத் தெரியாது. யாரோ தம்பி என்று நினைத்துக்கொண்டு கையைக் காலை நீட்டுவார். இன்றைக்கு அவன் மாமனாருக்கு நெஞ்சுவலி என்று திருநெல்வேலிக்குப் போய்விட்டான். பொழுதடைய மஃரிபுக்குள்ளே வந்துடுறேன் உம்மா, ஒரு நாள் சமாளிச்சுக்கோங்க என்றான். மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லி நான் தொழுது எழுந்தபோதுதான் கேட்டேன், உள்ளே டயாப்பரைப் பிய்க்கிற அந்த ஈரச் சத்தம். மஃரிப் எங்கே இருக்கிறது. நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, அந்தக் காலத்தில் என் உம்மா தொண்டையைச் செருமுவாளே அது மாதிரி செருமினேன். எனக்கே என் தொண்டை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "மாப்பிளே, சாரம் வச்சிருக்கேன், மாத்திக்கிடுங்க" என்றேன். கையை மட்டும் உள்ளே நீட்டி நாற்காலியில் வைத்தேன். அவர் எடுத்தார். விரித்துப் பார்த்தார். பிறகு அழகாக மடித்தார், கடையில் மடித்த கை அல்லவா, ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல துணி மாமி, சாயம் போவாது" என்றார். அந்தச் சாரமும் நனைந்துவிட்டது. இப்போது என் கையில் இருப்பது அடுத்த சாரம்.

அவர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் நினைப்பு சரிதான். பொண்டாட்டி வீட்டில் இருக்கிறார், அது தெரிகிறது. இந்த உத்தரம் தெரிகிறது, முற்றத்துக் கிணற்றுச் சத்தம் தெரிகிறது. பொண்டாட்டி வீட்டில் ஒரு கிழவி நடமாடுகிறாள் என்றால் அவள் மாமியாராகத்தானே இருக்க வேண்டும். வேறு யாராக இருக்க முடியும். உம்மா முகத்தை அவர் சரியாகப் பார்த்ததே கிடையாது. மார்க்கத்தில் மாமியாருக்கும் மருமகனுக்கும் மறைப்பு ஒன்றும் இல்லை, எங்கள் ஊர் வழக்கம்தான் உம்மாவைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியது. மாப்பிள்ளை வந்தால் உம்மாவின் வளையல் சத்தம் மட்டும்தான் வரும், பிறகு சாப்பாடு வரும். தப்பித் தவறி எதிரே வந்துவிட்டால் அவர் உடனே எழுந்து நின்று தரையைப் பார்ப்பார். அப்படி ஒரு அடக்கம். அதைப் பார்த்து நான் உள்ளே போய்ச் சிரித்திருக்கிறேன். எல்லாம் போய்விட்டது அவருக்கு, கடை போய்விட்டது, கொழும்பில் பேசிய சிங்களம் போய்விட்டது, பெற்ற பிள்ளை போய்விட்டான், ஒன்றுக்கு வருகிறது என்பதுகூடப் போய்விட்டது, இந்த எழுந்து நிற்பது மட்டும் ஏன் போகவில்லை. இதையாவது எடுத்துக்கொண்டு வேறு எதையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா. உம்மா முகத்தைப் பார்க்காதவருக்கு நான் உம்மா மாதிரி ஆகிவிட்டது எப்படித் தெரியும் என்று அடிக்கடி யோசிக்கிறேன், யோசித்து யோசித்து அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன், அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, கிழவியாக இருந்தால் போதும். கண்ணாடியில் நானே திடுக்கிடுகிறேன். பல் கட்டாத வாயோடு உம்மா வந்து நிற்கிறாள். அப்புறம் சாப்பாடு. கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் என் சமையலில் ஒரு குறை சொல்லாமல் கை கழுவியதில்லை இந்த மனிதர். உப்பு இல்லை, புளி தூக்கல், இதுக்கு நான் ஓட்டலிலேயே தின்னுருப்பேன். எனக்கும் ஆத்திரம் வரும், அப்போ ஓட்டல்காரியைக் கட்டிக்கிடுங்க என்பேன். இப்போது என்ன வைத்தாலும் "ரொம்ப ருசி மாமி." ஒரு நாள் வேண்டுமென்றே கறியில் உப்பை அள்ளிப் போட்டு வைத்தேன். திட்டட்டும், தட்டைத் தள்ளட்டும், ஒரு வாய்ச் சண்டை போடட்டும் என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுவதையும் தின்றார். கண்ணில் தண்ணீர் வரத் தின்றுவிட்டு, "ருசியா இருந்துச்சு மாமி, உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பைப் போட்ட பாவி நான் அன்றைக்கு முழுக்கத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

சொல்லிவிட வேண்டியதுதானே, நான்தான் ஜெய்னம்பு என்று. நெல்லையிலிருந்து வந்த நர்ஸ் பெண் அப்படித்தான் கேட்டாள். நீங்க சொல்லிப் பாருங்கம்மா, பழைய போட்டோவைக் காட்டிச் சொல்லுங்கம்மா. சொல்லிப் பார்த்தேன் தாயி. நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்து, இங்கே பாருங்க, நான்தான், உங்க பொண்டாட்டி என்றேன். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். முதலில் தரையைப் பார்த்தார். பிறகு என் பிடியிலிருந்து கையை உருவினார், அடுப்பைத் தொட்டவர் மாதிரி. "மாமி, ஏன் இப்படிப் பேசுறிய? அல்லாவுக்குப் பொறுக்குமா?" என்றார். உடம்பெல்லாம் நடுங்கியது அவருக்கு. யோசித்தால் வேறு என்ன சொல்வார். பொண்டாட்டியைப் பெற்றவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நான் உன் பொண்டாட்டி என்றால் எந்த நல்ல மனிதனுக்குத்தான் நடுங்காது. அப்போது கால் நடக்கும் அவருக்கு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார், எங்க உம்மா வூட்டுக்குப் போறேன், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று. அவருடைய உம்மா வீடு இடிந்து அங்கே இப்போது செல்போன் கடை இருக்கிறது. அந்தக் கடை வாசலில் போய் நின்றுகொண்டு உம்மா உம்மா என்று கூப்பிட்டிருக்கிறார். ஜக்கரியா போய்க் கூட்டி வந்தான். வந்தவர் என் பக்கமே திரும்பாமல் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்கு விழுந்தது பூட்டு என் வாய்க்கு. என் பேரை என் வீட்டில் நான் சொல்லக் கூடாது. சொன்னால் அவருக்கு நான் கேடுகெட்டவள். சொல்லாவிட்டால் மரியாதைப்பட்ட மாமி. ஜெய்னம்பு எங்கே என்று மட்டும் தினமும் கேட்பார். குளிக்கிறா என்பேன். கூடப்பிறந்த ராத்தா வூட்டுக்குப் போயிருக்கா என்பேன். மருதாணி அரைக்கிறா என்பேன், அதைக் கேட்டால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்தச் சிறுக்கி எங்கே போனாள் என்று எனக்கே சில நேரம் ஆத்திரமாக வருகிறது. அவளுக்காக இவர் காத்துக்கொண்டே இருக்கிறார், பீ மூத்திரம் அள்ள நான் காத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் வருவாளாம், மருதாணிக் கையோடு. வா, வந்து அள்ளு.

அடுப்பை அணைத்தேனா. தண்ணீர் சுட வைத்தேனே, அணைத்தேனா. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அணைத்துத்தான் இருக்கிறது. எனக்கும் இந்த மறதி ஆரம்பித்துவிட்டதோ என்று ஒவ்வொரு தடவையும் ஓடிப் பார்க்கிறேன். எனக்கும் வந்துவிட்டால் இந்த வீட்டில் யாருக்கு யார் மாமி. அவர் எழுந்து நிற்பார், நானும் எழுந்து நிற்பேன், ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்போம் போல. சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுகையில்தான் போய் முடியும், வேண்டாம். அந்த நேரம்தான் உள்ளேயிருந்து, "மாமி, இருக்கியளா?" என்றார். இருக்கேன் மாப்பிளே என்றேன். "ஒரு சேதி சொல்லணும். அவகிட்ட எனக்குச் சொல்லத் தைரியம் வரலை." சொல்லுங்க என்றேன். "நாளைக்குக் கொழும்புக்குக் கப்பல். எங்க மூத்த காக்கா ஏற்பாடு பண்ணிட்டாங்க. சொன்னா அவ அழுவா. அவ அழுதா நான் போவ மாட்டேன்." சின்ன வயசில் ஒரு தடவை இவர் இப்படித்தான் எனக்குச் சொல்லாமல் போனார். விடிந்து எழுந்தால் ஆள் இல்லை. உம்மாதான் வந்து கப்பலுக்குப் போயாச்சு என்றாள். அதற்காக நான் அவளோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன், உனக்குத் தெரிஞ்சிருக்கே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. இதுதான் உம்மா அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதா. உம்மா மண்ணுக்குள்ளே கவுரில் இருக்கிறாள், அவளிடம் போய் இனி என்ன கேட்பது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். "சின்னப் பிள்ளை மாமி அவ. ரோசக்காரி. சாப்பிடாமப் படுத்துக்கிடுவா. நான் வர்ற வரைக்கும் நீங்கதான் அவளப் பாத்துக்கணும்." அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி இப்படி ஒரு சொல்லை என் காது கேட்டதில்லை. என் முகத்துக்கு நேரே அவர் சொன்னதெல்லாம் உப்பும் புளியும்தான். என் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பாத்துக்கிடுறேன் மாப்பிளே" என்றேன். "சத்தியமா?" என்றார். சத்தியமா என்றேன். அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது, யார் பார்த்துக்கொள்வது, அதெல்லாம் அவர் கேட்கவில்லை. அவருக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அந்தப் புண் உள்ள பக்கம். ஈரத்தின் மேலேயே சாய்ந்து, ஸ் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அந்த ஸ் என்ற சத்தத்தைக் கேட்ட பிறகு நிற்க முடியவில்லை. அடுத்த வீட்டு சதக்கு விடுமுறையில் வந்திருக்கிறான். தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்திருப்பான். அவனைக் கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். இவருடைய பழக்கத்துக்கு அந்நிய ஆண் வந்து துடைத்துவிடுவதை நினைத்தால் எனக்குத்தான் கூசியது. நல்ல காலத்தில் என் முன்னால் சட்டையைக் கழற்றவே திரும்பி நின்றவர். ஆனால் கூச்சம் பார்த்துப் புண்ணை விட்டுவிட முடியாது. கொடியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டேன். தெருவில் தொழுதுவிட்டு வரும் ஆண்கள் இருப்பார்கள் என்று ஓரத்தை இழுத்து முகத்தையும் மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ஒரு இடுக்கு விட்டு, அவர் அறையைக் கடந்து வேகமாகப் போனேன். "ஜெய்னம்பு" என்றார். நான் நின்றுவிட்டேன். யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் பேரை அந்தக் குரலில் கேட்டு அவ்வளவு காலமாயிற்று. "வந்துட்டியா? எங்கே போனே இவ்ளோ நேரம்?" அவர் கண் கட்டிலிலிருந்து நேராக என் மேல், துப்பட்டியின் மேல் இருந்தது. தரையைப் பார்க்கவில்லை. எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, பொண்டாட்டியை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். திறந்தால் வருவது மாமியின் குரல். மூடிக்கொண்டேன். நிலையைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன், ஒரு கால், அடுத்த கால். அவர் எழுந்திருக்கவில்லை.

வாளியை எடுத்து வந்தேன். வெதுவெதுப்பு இன்னும் இருந்தது. தோளைத் தொட்டு மெல்லச் சாய்த்ததும் குழந்தை மாதிரி சாய்ந்து கொடுத்தார். சாரத்தை அவிழ்த்தேன். வெட்கப்பட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு கையால் முகத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் துடைத்தேன். முடியவில்லை. துணி ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ரெண்டு கையாலும் துடைத்தேன். தொடை எலும்பாகிவிட்டது. நெஞ்சில் நரைமுடி. புண் ஓரம் சிவந்திருந்தது, இன்னும் உள்ளே இறங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று பல்லுக்குள்ளேயே சொன்னேன். ஒற்றி எடுத்து, விசிறிவிட்டு, மருந்து தடவினேன். வலித்திருக்கும். அவர், "மெதுவா, மெதுவா, மாமி வெளியேதான் நிக்கிறாங்க" என்று கிசுகிசுத்தார். வாசல் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. வெளுத்த சாரத்தைக் கட்டிவிட்டேன், விரிப்பை உருவி மாற்றினேன், அவர் பக்கத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார். தோல் சுருங்கியது கண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்று விரலை மடக்கிக்கொண்டேன். "கை இப்படிக் காஞ்சு போச்சே புள்ளே" என்றார். "மாமி ரொம்ப வேலை வாங்குறாங்களா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "நல்லவங்கதான். ஆனா பாவம், அவங்களுக்கு என்னமோ ஆகிப்போச்சு. அன்னைக்கு ஒரு பேச்சுப் பேசுனாங்க, வெளிய சொல்ல முடியாது. நீ அவங்களத் தனியா விட்டுடாதே." அதற்கும் தலையை ஆட்டினேன். துணிக்குள்ளே என் முகம் முழுக்க நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது, மூச்சு விடச் சிரமமாக இருந்தது, ஆனாலும் நான் அசையவில்லை, அசைந்தால் இது போய்விடும். நாளைக்கும் இப்படியே வரலாம். நாளை மறுநாளும். முகம் இல்லாமல், குரல் இல்லாமல், அவருக்குப் பொண்டாட்டியாகத் தினமும் கொஞ்ச நேரம் இருக்கலாம். அது போதுமா என்று கேட்டால் போதாது. எனக்கு என்னைப் பார்த்து அவர் ஒரு தடவை ஜெய்னம்பு என்று சொல்ல வேண்டும், இந்தச் சுருங்கின மூஞ்சியைப் பார்த்து, பல் இல்லாத வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "முகத்தைக் காட்டேன்" என்றார் அவர். "நாளைக்குக் கப்பல் ஏறிட்டா எப்பப் பார்ப்பேனோ." அவர் கை மேலே வந்து துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்தது. நான் ரெண்டு கையாலும் அதை உள்ளிருந்து இறுக்கிக்கொண்டேன். "வெக்கமா?" என்று சிரித்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கெஞ்சுகிற மாதிரி மெல்ல இழுத்தார். நான் விடவில்லை.